பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே.)



சென்ற மாதம் டாக்டர் அம்மா சர்க்கரை நோய் பற்றிப் பேசினார்கள். அதற்கு முந்தைய மாதம் மழைநீர் சேகரிப்பு. இந்த மாதம் "ஏதாவது வித்தியாசமாகப் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டார். நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது பற்று, வரவு, மீதி. ஆனால் நான் பேசப் போவது கார் பந்தயம் பற்றி. சிரிக்காதீர்கள். ஒரு கணக்குப்பிள்ளைக்கு இதைவிடச் சுவையான கணக்குப் புத்தகம் கிடைக்காது.

சென்ற கோடை விடுமுறைக்கு வந்த என் பேரன் 'ரஷ்' என்ற ஆங்கிலப் படத்தைப் போட்டுக் காட்டினான். 2013-ல் வந்த படம். 1976-ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் உலகப் போட்டிதான் கதை. படம் முடிந்து அவன் தூங்கப் போய்விட்டான். நான் தூங்கவில்லை. அந்த வருடத்துப் புள்ளிக்கணக்கைத் தேடி எடுத்து, ஒரு தாளில் கோடு போட்டு எழுதிக் கூட்டிப் பார்த்தேன். பைசா சுத்தமாக டேலி ஆன பிறகுதான் படுத்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபார்முலா ஒன் என்பது ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய, சக்கரங்கள் வெளியே தெரியும் பந்தயக் கார்களின் போட்டி. ஒரே பந்தயத்தில் முடிவாகிவிடாது. வருடம் முழுக்கப் பல நாடுகளில் பந்தயங்கள். 1976-ல் மொத்தம் 16. ஒவ்வொன்றிலும் முதல் ஆறு பேருக்குப் புள்ளிகள் உண்டு. அன்றைய கணக்குப்படி 9, 6, 4, 3, 2, 1. வருட முடிவில் யாருடைய கணக்கில் அதிகப் புள்ளியோ அவரே உலக சாம்பியன்.

அந்த வருடம் போட்டி இரண்டு பேருக்கு நடுவில். ஒருவர் நிக்கி லாடா, ஆஸ்திரியாக்காரர், ஃபெராரி கார். முந்தைய வருடத்து சாம்பியனும் அவர்தான். எதையும் கணக்குப் போட்டுச் செய்கிற மனிதர். இன்னொருவர் ஜேம்ஸ் ஹன்ட், இங்கிலாந்துக்காரர், மெக்லாரன் கார். கலகலப்பான ஆள், வாழ்க்கையை அனுபவித்து வாழ்ந்தவர். படத்தில் இருவரையும் எதிரிகள்போலக் காட்டினாலும், நிஜத்தில் நண்பர்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஜூலை மாதம் முடிந்தபோது லாடாவின் கணக்கில் 61 புள்ளிகள். ஹன்ட்டிடம் 26. வித்தியாசம் 35.

இந்த 61-ம் 26-ம் பிற்பாடு திருத்தி எழுதப்பட்ட கணக்கு. வங்கியில் 'ரிவர்ஸ் என்ட்ரி' என்போமே, அது அந்த வருடம் இரண்டு முறை நடந்தது. ஸ்பெயினில் ஹன்ட் ஜெயித்தார். கார் 1.8 சென்டிமீட்டர் அகலம் கூட என்று வெற்றியைப் பறித்தார்கள். மேல்முறையீட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். இங்கிலாந்திலும் ஹன்ட் ஜெயித்தார். அந்த வெற்றியை செப்டம்பரில் ரத்து செய்து லாடாவுக்குக் கொடுத்தார்கள். நம் ஆடிட்டர்கள் தேவலாம்.

ஆகஸ்ட் 1. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்னும் பந்தயச் சாலை. காட்டுக்கும் மலைக்கும் நடுவே வளைந்து வளைந்து போகிற, ஒரு சுற்றே 22 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சாலை. இங்கே விபத்து நடந்தால் உதவி வந்து சேர நேரமாகும், பந்தயம் வேண்டாம் என்று முன்பே சொன்னவர் லாடா. மற்ற ஓட்டுநர்களில் பெரும்பாலோர் ஒப்பவில்லை. பந்தயம் நடந்தது. இரண்டாவது சுற்றில் அவருடைய காரே தடம் விலகி மோதித் தீப்பிடித்தது. பின்னால் வந்த ஓட்டுநர்கள் நான்கு பேர் ஓடிப் போய் அவரை இழுத்து எடுத்தார்கள். மெர்சாரியோ, எட்வர்ட்ஸ், லங்கர், எர்ட்ல் என்று அவர்கள் பெயர். ஜெயித்தவர்களின் பட்டியலில் இந்தப் பெயர்களைத் தேடினால் கிடைக்காது. ஆனால் அன்று பெரிய காரியம் செய்தவர்கள் அவர்கள்தான்.

முகமும் தலையும் வெந்துபோயின. அதைவிட மோசம், நச்சுப் புகை நுரையீரலுக்குள் போய்விட்டது. மருத்துவமனையில் பாதிரியாரை வரவழைத்து இறுதிச் சடங்கின் பிரார்த்தனையே செய்துவிட்டார்கள்.

அந்த மனிதர் செப்டம்பர் 12-ஆம் தேதி இத்தாலியில், மோன்சா பந்தயத்தில், மறுபடி காரில் உட்கார்ந்தார். எண்ணிப் பாருங்கள், சரியாக 42 நாள். காயத்தின் கட்டோடு தலைக்கவசம் மாட்டிக்கொண்டார். இதற்குள் ஃபெராரி நிறுவனம் ரியூட்டமன் என்ற வேறொரு ஓட்டுநரையும் அமர்த்திவிட்டிருந்தது. லீவு முடிந்து ஆபீஸுக்குப் போனால் நம் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? அப்படி. அன்று ரியூட்டமன் வந்தது ஒன்பதாவது இடம். லாடா நான்காவது. மூன்று புள்ளிகள் வரவு.

அவர் படுத்திருந்த நாட்களிலும் பிறகும் ஹன்ட் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியில் 9, ஆஸ்திரியாவில் 3, ஹாலந்தில் 9, கனடாவில் 9, அமெரிக்காவில் 9. ஆக 39. முன்னிருப்பு 26-ஐக் கூட்டினால் 65. லாடாவுக்கு இத்தாலியில் 3, அமெரிக்காவில் 4. முன்னிருப்பு 61-ஐக் கூட்டினால் 68.

35 புள்ளி வித்தியாசம் 3 புள்ளியாகிவிட்டது. பாக்கி இருந்தது ஒரே ஒரு பந்தயம். ஜப்பான்.

1976 அக்டோபர் 24. ஃபூஜி மலையடிவாரத்தில் உள்ள ஃபூஜி ஸ்பீட்வே. உலக சாம்பியன் போட்டிக்கான ஃபார்முலா ஒன் பந்தயம் ஜப்பானில் நடந்தது அதுவே முதல் முறை. மொத்தம் 73 சுற்று. அன்று காலையிலிருந்தே மழை. மலையும் தெரியவில்லை, சாலையும் தெரியவில்லை. எங்கும் மூடுபனி.

மழையில் இந்தக் கார்களுக்கு என்ன ஆகும் என்று தெரிந்தால்தான் மேலே சொல்வது புரியும். அதன் டயர் மிக அகலம், கார் எடை மிகக் குறைவு. சாலையில் தண்ணீர் தேங்கினால் டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் ஒரு படலமாகப் புகுந்துவிடும். அப்போது டயர் தரையைத் தொடாது, தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது, பிரேக்கை மிதித்தாலும் நிற்காது. மழைக்கென்றே பள்ளம் வெட்டிய டயர் உண்டு. அதுவும் ஓர் அளவுக்குத்தான். இன்னொன்று, முன்னால் போகிற காரின் பின்சக்கரங்கள் தண்ணீரைச் சுவர்போல எழுப்பும். பின்னால் வருபவருக்கு வெள்ளையாக ஏதோ தெரியும், அவ்வளவுதான். மழை நாளில் நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போயிருப்பவர்களுக்கு இதில் பத்தில் ஒரு பங்கு தெரிந்திருக்கும்.

ஓட்டுநர்கள் பலருக்கு ஓட்ட விருப்பமில்லை. லாடாவுக்கு மட்டுமல்ல, மூன்று புள்ளி பின்தங்கியிருந்த ஹன்ட்டுக்கும் விருப்பமில்லை. புறப்பாடு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஆனால் உலகம் முழுக்கத் தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு ஏற்பாடாகியிருந்தது. வெளிச்சமும் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் பிற்பகல் 3 மணிக்கு மேல் பந்தயத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

லாடாவுக்கு இன்னொரு தொல்லை. தீயில் இமைகள் வெந்து போனதால் அவரால் சரியாகக் கண் சிமிட்ட முடியாது. கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். வெளியேயும் தண்ணீர், கண்ணுக்குள்ளேயும் தண்ணீர்.

இரண்டு சுற்று ஓட்டினார். பிறகு காரைப் பிட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார், இறங்கிவிட்டார்.

நண்பர்களே, இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தப் பேச்சே.

ஃபெராரியின் தலைமைப் பொறியாளர் மவுரோ ஃபோர்கியெரி அவரிடம் வந்தார். நல்ல மனிதர். நாளைக்குப் பத்திரிகைகள் என்ன எழுதும் என்று தெரிந்தவர். இன்ஜினில் கோளாறு என்று சொல்லிவிடலாமே என்று கேட்டார். யாருக்கும் நஷ்டமில்லை. காரைத் திறந்து பார்க்கப் போவதும் யாருமில்லை.

லாடா வேண்டாம் என்றுவிட்டார். கார் நன்றாக இருக்கிறது, இந்த மழையில் ஓட்டுவது ஆபத்து, அதனால் நான்தான் நிறுத்தினேன் என்பதே அவர் பதில். பந்தயம் முடியும்வரைகூட இருக்கவில்லை. விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்.

ஹன்ட் ஓட்டினார். முதல் 60 சுற்றுகளுக்கு மேல் அவர்தான் முன்னணி. ஆனால் மழை நின்று சாலை காயத் தொடங்கியது. மழைக்கான டயர் காய்ந்த சாலையில் சூடாகித் தேய்ந்து போகும். அமெரிக்காவின் மரியோ ஆண்ட்ரெட்டி போன்ற அனுபவசாலிகள் தேடித் தேடித் தேங்கிய தண்ணீரில் ஓட்டி டயரைக் காப்பாற்றினார்கள். ஹன்ட்டின் டயர் போய்விட்டது. 68-ஆவது சுற்றில் பிட்டுக்கு வந்து மாற்றிக்கொண்டு போனபோது ஐந்தாவது இடம். ஐந்தாவது என்றால் 2 புள்ளி. 65-ம் 2-ம் 67. பட்டம் லாடாவுக்கு. மீதி ஐந்தே சுற்று. அந்த ஐந்துக்குள் இரண்டு பேரை முந்தி மூன்றாவதாக வந்தார். 4 புள்ளிகள்.

முதலிடம் ஆண்ட்ரெட்டி, இரண்டாமிடம் பிரான்ஸின் டெபாய்யே, மூன்றாமிடம் ஹன்ட். காரை விட்டு இறங்கியபோது தான் மூன்றாவது என்பதே ஹன்ட்டுக்குத் தெரியாது. பட்டம் போயிற்று என்று நினைத்துத் தன் குழுத் தலைவரிடம் கோபமாகக் கத்தினாராம். அவர் விரலைக் காட்டிக் காட்டிச் சொன்ன பிறகுதான் நம்பினார்.

ஹன்ட் 69. லாடா 68. ஒரு புள்ளி.

இத்தாலியப் பத்திரிகைகள் லாடாவைச் சும்மா விடவில்லை. பயந்தாங்கொள்ளி என்றார்கள். ஏனென்றால், பாருங்கள், அன்று அந்தப் பந்தயத்தில் யாருக்கும் பெரிய காயம்கூட இல்லை. மழையும் நின்றுவிட்டது. 'இன்னும் கொஞ்ச நேரம் மெதுவாக ஓட்டியிருந்தால் போதுமே' என்று எல்லோரும் சொன்னார்கள்.

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வங்கியில் எத்தனை கடன் மனுக்கள் பார்த்திருக்கிறேன். கடன் வாராக்கடன் ஆன பிறகு 'கொடுத்திருக்கக் கூடாது' என்று சொல்ல யாருக்கும் முடியும். ஒழுங்காகக் கட்டி முடித்த பிறகு 'கொடுத்தது சரி' என்று சொல்லவும் முடியும். கையெழுத்துப் போடுகிற அன்று மேஜைமேல் என்ன காகிதம் இருந்ததோ அதை வைத்துத்தான் அந்த முடிவைப் பார்க்க வேண்டும். லாடாவின் மேஜைமேல் இருந்தது மூடுபனியும், தேங்கிய தண்ணீரும், மூடாத இமையும். அன்று இறங்கியவர் அவர் மட்டுமல்ல. இரண்டு முறை உலக சாம்பியனாக இருந்த ஃபிட்டிபால்டி, பாச்சே, பெர்கின்ஸ் ஆகியோரும் நிறுத்திக்கொண்டார்கள். ஓட்டிய ஹன்ட்டையும் நான் குறை சொல்லவில்லை. அவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது, புள்ளியும் தேவைப்பட்டது. அவரவர் ஐந்தொகை அவரவருக்கு.

என்னை அன்றிரவு தூங்கவிடாமல் செய்தது அவர் நிறுத்தியதல்ல. அந்த இன்ஜின் கோளாறை வேண்டாம் என்றதுதான். வங்கிக்காரர்களுக்கு 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' தெரியும். கணக்கு டேலி ஆகவில்லை, காரணம் தெரியவில்லை என்றால், தற்காலிகமாக அந்த வித்தியாசத்தை அதில் போட்டு வைப்போம். காரணம் தெரிந்தே அதில் போட்டால் அது தற்காலிகம் இல்லை, மறைப்பு. ஃபோர்கியெரி அன்புடன் நீட்டியது ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட். லாடா அதை வாங்காமல், தன் பெயரிலேயே பற்று எழுதச் சொன்னார்.

ஏன் இது என்னை உறுத்தியது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். என் மனைவி இரண்டாவது வரிசையில் இருக்கிறாள். அவளுக்குப் பாதிதான் தெரியும்.

போன வருடம் ஐப்பசி மழையில் மகளும் மாப்பிள்ளையும் இரவு ரயிலில் வந்தார்கள். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். எனக்கு வலது கண்ணில் புரை அறுவை முடிந்துவிட்டது, இடது கண் பாக்கி. இரவில் எதிரே வருகிற வண்டியின் விளக்கு எனக்கு ஒரு விளக்காகத் தெரியாது, சிதறித் தெரியும். டாக்டர் இரவில் ஓட்டாதீர்கள் என்று சொல்லியிருந்தார். வீட்டில் சொல்லவில்லை.

சுரங்கப்பாதைக்கு முன்னால் தண்ணீர் தேங்கி நின்றது. எதிரே ஒரு பஸ். கண்ணாடி முழுக்க வெளிச்சம். அது கடந்து போன பிறகுதான் பார்த்தேன், என் பம்பருக்கு இரண்டடி தூரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பையன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கை நடுக்கம் நின்ற பிறகு மெதுவாக வீட்டுக்குத் திரும்பினேன். மாப்பிள்ளைக்குப் போன் செய்து, "மாப்பிள்ளை, பேட்டரி இறங்கிப் போச்சு, ஆட்டோ பிடிச்சு வந்துடுங்க" என்றேன்.

நிறுத்தியது சரி. சொன்னது பொய். ஒரு பொய் வவுச்சர் போட்டால் அதை டேலி செய்ய இன்னும் மூன்று வவுச்சர் போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை நல்லவர், மறுநாள் காலையிலேயே மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார். மெக்கானிக் சோதித்துப் பார்த்துவிட்டு, "பேட்டரி நல்லாத்தானே இருக்கு சார்?" என்று என் முகத்தைப் பார்த்தார். "நேத்து மழைல ஏதோ ஈரம் பட்டிருக்கும்" என்றேன். இரண்டாவது வவுச்சர். அதற்கப்புறம் ஒவ்வொரு இரவுப் பயணத்துக்கும் ஒரு காரணம். முட்டி வலி, பெட்ரோல் இல்லை, பார்க்கிங் கிடைக்காது. அப்படியும் தட்ட முடியாமல் இரண்டு முறை இரவில் ஓட்டியிருக்கிறேன். பொய் சொன்னதன் ஆபத்து அதுதான். வண்டியில் கோளாறு என்றால், வண்டி சரியானதும் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கிறது.

படம் பார்த்த பிறகு மாப்பிள்ளையிடம் போனில் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நானே உங்களை வர வேண்டாம்னு சொல்லியிருப்பேனே" என்றார். அவ்வளவுதான். ஆறு மாதம் நான் தூக்கிச் சுமந்தது இந்த ஒரு வாக்கியத்துக்காக.

லாடாவின் மீதிக் கதையைச் சொல்லி முடிக்கிறேன். மறு வருடம், 1977-ல், அதே ஃபெராரி காரில் அவர் மறுபடி உலக சாம்பியன் ஆனார். பிறகு ஓய்வு பெற்று, திரும்பி வந்து, 1984-ல் மூன்றாவது முறையும் ஜெயித்தார். அந்தக் கணக்கைக் கேளுங்கள். லாடா 72. அவருடைய சகாவான அலன் ப்ராஸ்ட் 71.5. வித்தியாசம் அரைப் புள்ளி!

அந்த அரை எங்கிருந்து வந்தது? அந்த வருடம் மொனாக்கோவில் கடும் மழை. 31 சுற்றோடு பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். முக்கால் பங்குகூட ஓடாததால் பாதிப் புள்ளிதான். ஜெயித்த ப்ராஸ்ட்டுக்கு 9-க்குப் பதில் 4.5. முழுவதும் ஓடி ப்ராஸ்ட் இரண்டாவதாக வந்திருந்தால்கூட 6 கிடைத்திருக்கும், மொத்தம் 73, பட்டம் அவருக்கு. 1976-ல் மழையில் ஒரு புள்ளியில் போன பட்டம், 1984-ல் மழையில் அரைப் புள்ளியில் வந்தது. இதில் தர்ம நியாயம் எதுவும் தேட வேண்டாம், தற்செயல்தான். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். வரவு எழுதுவதற்குக் கணக்குதாரர் உயிரோடு இருக்க வேண்டும். ஹன்ட் 1993-ல் 45 வயதில் மாரடைப்பில் காலமானார். லாடா 2019 வரை, 70 வயது வரை வாழ்ந்தார்.

இந்த வளாகத்தில் என் வயதுக்காரர்கள் பலர் கார் ஓட்டுகிறோம், ஸ்கூட்டர் ஓட்டுகிறோம். யாருக்குக் கண், யாருக்குக் காது, யாருக்குத் தலைசுற்றல் என்று நமக்குள் சொல்லிக்கொள்வதில்லை. வண்டிமேல் பழி போடுகிறோம். நீங்கள் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. நிறுத்திவிட்டால் காரணத்தைச் சொல்லிவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். சொன்னால் அடுத்த வீட்டுப் பிள்ளை கொண்டுபோய் விடுவான். சொல்லாவிட்டால் அவனுக்கு எப்படித் தெரியும்?

முதல் வரவை நானே எழுதுகிறேன். அடுத்த வியாழக்கிழமை எனக்கு இடது கண்ணில் அறுவை. காலை 6 மணிக்கு இங்கிருந்து கிளம்ப வேண்டும். கார் இருக்கிறது. பெட்ரோல் இருக்கிறது. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்ட ஆள்தான் வேண்டும்.